நம்ம வட ஆற்காட்டுக்கு ஒரு சமுதாய வானொலி வந்தால் அது எதைப் பேச வேண்டும்?

பாலாற்றங்கரை எழுதியது:

சமுதாய வானொலி, அதாவது லாபத்துக்காக இல்லாமல் ஒரு சின்ன வட்டாரத்துக்காக நடத்தும் எஃப்.எம். நிலையம், என்றதும் நம்மில் பலருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுப் போடும் எஃப்.எம். ஞாபகம்தான் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. 2002 கடைசியில் மத்திய அரசு முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் அனுமதி தந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 90.4இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. கல்லூரி வளாகத்திலிருந்து வந்த சமுதாய வானொலிகளில் நாட்டிலேயே அதுதான் முதல். ஊர்ச் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்று 2006 நவம்பரில்தான் கதவைத் திறந்தார்கள். அதற்குள் "கல்லூரி ரேடியோ" என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் மாதிரி ஊர்களுக்கென்று ஒரு நிலையம் வந்தால் அது எப்படி இருக்க வேண்டும் என்று பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

யாரிடம் பேச்செடுத்தாலும் உடனே ஒரு கேள்வி வருகிறது. "செய்தி வாசிக்கக் கூடாதே, அப்புறம் எதைத்தான் பேசுவது?" நாமாகத் தயாரித்துச் செய்தி வாசிக்கக் கூடாதுதான். ஆனால் எதெல்லாம் செய்தியில் சேராது என்றும் அரசே ஒரு பட்டியல் தந்திருக்கிறது. குடிநீர், மின்தடை, வானிலை, போக்குவரத்து, திருவிழா, விளையாட்டு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, நோய் எச்சரிக்கை, வெள்ளம், புயல். ஒரு சின்ன ஊர் காலையில் எழுந்து இரவு படுக்கும் வரை பேசுவதில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும். அதோடு, நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்களை வைத்தே தயாரிக்கப்பட வேண்டும் என்பதும் விதி.

என் வாதம் இதுதான். செய்தித் தடையைச் சாக்காகச் சொல்லிக்கொண்டு, பேச அனுமதித்ததையே நாம் பேசாமல் விட்டிருக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

லாங்கு பஜார் எழுதியது:

நல்ல எண்ணம் சார். ஆனால் இன்றைக்கு யார் ரேடியோ கேட்கிறார்கள்? என் கடைப் பையன்களுக்கு யூடியூப் போதும். புது போன்களில் எஃப்.எம். வருகிறதா என்பதே சந்தேகம்.

குடியாத்தம் தறி எழுதியது:

அண்ணா, யார் கேட்கிறார்கள் என்று எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். காலை பத்து மணிக்கு வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தால் மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். பொழுது சாயும் வரை பீடி சுற்ற வேண்டும். கண்ணை எடுத்தால் பீடி கோணும், கையை எடுத்தால் கணக்குக் குறையும். யூடியூப் எங்கே பார்ப்பது? காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. தீப்பெட்டி வேலை செய்கிற வீட்டிலும் இதே கதைதான்.

அந்த அக்காக்களுக்கு இப்போது கிடைப்பது பாட்டும் நகைக்கடை விளம்பரமும். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு. ஆயிரம் பீடிக்குக் கூலி ஏறுமா, இந்த வாரம் கழிவு என்று எத்தனை பீடியை ஒதுக்கினார்கள், ஆதாரில் ஒரு எழுத்து மாறியதால் பி.எஃப். பணம் நிற்கிறதே யாரைப் பார்ப்பது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைக்குக் கடைசித் தேதி என்றைக்கு. இதில் எது அரசியல்? பாலாற்றங்கரை சார் சொன்ன பட்டியலுக்குள் இதைத் தாராளமாகக் கொண்டுவரலாம்.

இன்னொன்று. எங்கள் பெரியப்பா வீட்டில் லுங்கித் தறி. விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே மைக்கை நீட்டிப் பிரயோஜனமே இல்லை. கரண்ட் போனதும் எல்லோரும் வெளியே வந்து மரத்தடியில் உட்காருவார்கள். நூல் விலையில் ஆரம்பிக்கும் பேச்சு, சம்பந்தி வீட்டுச் சண்டை வரை போகும். எங்கள் ஊர் நெசவாளியைப் பேட்டி எடுக்க நினைக்கிறவர்கள் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பேட்டரியில் ஓடும் ரெக்கார்டரோடு வரட்டும்.

பேரணாம்பட்டு ஆசிரியை எழுதியது:

போன் பற்றிக் கேட்டாரே, அதற்கு ஒரு வார்த்தை. பல போன்களில் எஃப்.எம். இருக்கிறது. ஆனால் ஒயர் வைத்த இயர்போனைச் செருகினால்தான் எடுக்கும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒயர் இல்லாத இயர்போன் வந்த பிறகு ஜனங்களுக்கு இது மறந்துபோனது. எஃப்.எம். வசதியை முடக்காமல் தர வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது மொழி பற்றி. எங்கள் ஊரிலும் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலும் ஏராளமான வீடுகளில் பேச்சு உருதுவில்தான். வயதான அம்மாக்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆனால் உடம்பு முடியாததை, மனசு சரியில்லாததை அவர்களுக்கு உருதுவில்தான் சொல்ல வரும். ஆந்திர எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு. உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் நிகழ்ச்சி இருக்க வேண்டும் என்பதைத்தான் விதிமுறையும் விரும்புகிறது. வாரத்தில் சில அரைமணி நேரம் உருதுவுக்கும் தெலுங்குக்கும் ஒதுக்காத நிலையத்தை எங்கள் ஊர் வானொலி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய ஒலிப்பதிவாளன் எழுதியது:

டீச்சர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். படிக்கும் காலத்தில் ஒரு வளாக வானொலியில் வேலை பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். விவசாய நிகழ்ச்சி என்றால் ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படிப்பார். "பயிர்ப் பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடித்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடியும். எந்த விவசாயி வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? தப்பான தகவல் ஒன்றும் கிடையாது. ஆனால் கேட்டவர் எவரும் அடுத்த வாரம் திரும்பி வரவில்லை.

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறியீடு கிடைத்தது என்று அறிவிப்பது ஒரு வரி. அந்தக் கத்தரியை வருஷக்கணக்காகப் போடும் ஒரு அம்மாவைத் தோட்டத்திலேயே உட்கார வைத்து, விதைக்கு எந்தக் காயை விடுவீர்கள், எப்போது பறிப்பீர்கள், முள் குத்தாமல் எப்படிப் பறிப்பது, மண்டியில் குறியீட்டைச் சொன்னால் கிலோவுக்கு ஒரு ரூபாயாவது ஏற்றித் தருகிறார்களா என்று கேளுங்கள். அரைமணி நேரம் போவதே தெரியாது. அவர் பேசும்போது "இன்னா பண்றது" என்றால் அதை "என்ன செய்வது" என்று திருத்தக் கூடாது. நம் பேச்சை நாமே திருத்திக்கொண்டால் அது இன்னொரு சென்னை வானொலி.

ஆம்பூர்வாசி எழுதியது:

எல்லாம் சரி. பாலாறு? அதில் கலக்கும் தோல் தொழிற்சாலைக் கழிவு? அதைப் பேசாமல் எங்கள் பக்கத்து வானொலி என்று எப்படிச் சொல்வது? பேசினால் அரசியல் என்று சொல்லி நிலையத்தை மூட மாட்டார்களா?

பாலாற்றங்கரை எழுதியது:

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் பாய், வந்ததில் சந்தோஷம்.

விதி தடுப்பது செய்தி, நடப்பு விவகாரம் என்ற வகையில் வரும் அரசியல் நிகழ்ச்சிகளை. தன் கிணற்றுத் தண்ணீர் எப்போது உப்பேறியது, தென்னை எந்த வருஷம் காய்ப்பை நிறுத்தியது, ஆடுமாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கிறதா என்று ஒரு விவசாயி சொல்வது அவருடைய வாழ்க்கை. வேளாண் துறை ஆய்வகத்தில் கிணற்று நீரைக் கொடுத்துச் சோதித்து, மாதம் ஒருமுறை ஊர் வாரியாக உப்பின் அளவை வாசிப்பது, அது எந்தப் பயிருக்குத் தாங்கும் என்று சொல்வது, விவசாயத் தகவல். இந்த இரண்டையும் தொடர்ந்து செய்தாலே போதும். எந்தக் கம்பெனியையும் திட்டத் தேவையில்லை. எண்களே பேசும்.

நம் ஊர் வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்னது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் அதைப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியிலும் பாலாற்றுப் பாதிப்பு பற்றி அதே நீதிமன்றம் கடுமையாகப் பேசி உத்தரவு போட்டது. அந்தத் தீர்ப்பில் நமக்கு என்ன இருக்கிறது, இழப்பீடு யாருக்கு, எப்படிக் கேட்பது என்று எங்கள் ஊர் ஆட்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல ஒரு குரல் கிடையாது. எனக்கு இருக்கும் ஆற்றாமை எல்லாம் இதில்தான்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான். அது கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை பற்றிய வழக்கில் வந்த தீர்ப்பு. அங்கே பிறந்த உரிமையைப் பாலாற்றங்கரை விவசாயியும் எடுத்துக்கொள்ளட்டுமே.

சத்துவாச்சாரி எழுதியது:

கொஞ்சம் நிதானம் வேண்டும். கோர்ட்டுப் பக்கமே வாழ்க்கை ஓடுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, குடிநீர், மின்சாரம், வெள்ளம் பற்றிய அறிவிப்புகள் உள்ளூர் நிர்வாகம் தருவதாக இருக்க வேண்டும். நாமாகக் கேள்விப்பட்டதை அறிவிப்பாகச் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை மைக் வாங்குவது இல்லை, நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் மின்வாரிய அலுவலகத்திலும் தினமும் தகவல் தர ஒரு ஆளைப் பிடிப்பது. அப்புறம், ஒலிபரப்பியதை எல்லாம் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதைச் சுமை என்று நினைக்காதீர்கள். நாளைக்கு ஒருவர் "என் பெயரைக் கெடுத்தார்கள்" என்று வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்தப் பதிவுதான்.

கிராம சபையை விட்டுவிட்டீர்களே. வருஷத்தில் ஆறு நாள் நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எத்தனை பேருக்கு இந்தத் தேதிகள் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் முந்தைய வாரம் முழுக்க, கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவது எப்படி, கையெழுத்துப் போடும் முன் எதைப் படித்துப் பார்க்க வேண்டும், நூறு நாள் வேலைக் கணக்கை எப்படிக் கேட்பது என்று சொல்லுங்கள். எந்தக் கட்சியின் பெயரும் வராமலே அத்தனையும் சொல்லலாம்.

குடியாத்தம் தறி எழுதியது:

வெள்ள அறிவிப்பு நிர்வாகத்திடமிருந்துதான் வர வேண்டும் என்பது நல்ல விதி என்றே நினைக்கிறேன் சார். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வந்தது. அணையே உடைந்துவிட்டது என்று ஒருவர் போட, பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் ஓடினோம். அணையிலிருந்து இத்தனை கன அடி வருகிறது, இந்தத் தெருவுக்கு ஆபத்து, அந்தத் தெருவுக்கு இல்லை, இந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது என்று தெரிந்த குரல் ஒன்று அரைமணிக்கு ஒருமுறை சொல்லியிருந்தால் அந்த ஓட்டம் மிச்சம். கரண்டும் நெட்டும் போன பிறகு பேட்டரியில் பாடும் பெட்டி ஒன்றுதான் துணை.

மலையடிவாரம் எழுதியது:

நீங்கள் எல்லோரும் சமவெளியை வைத்தே பேசுகிறீர்கள். சமுதாய வானொலிக்கு அனுமதி 100 வாட். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சமவெளியில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் கேட்டால் பெரிது. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவது, மலை குறுக்கே வந்தால் அவ்வளவுதான். வேலூரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை மக்களுக்கு உங்கள் வானொலி எட்டாது.

அல்லேரி மலையில் 2023இல் பாம்பு கடித்த குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்ததும், சாலை இல்லாததால் உடலைத் தாயே சுமந்து நடந்ததும் ஊர் உலகம் அறிந்தது. பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது, விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, எந்த இடத்திற்கு வண்டி வரும். இந்த நிகழ்ச்சி மற்ற எவரையும்விட அவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, கோலார் மாவட்டம் பூதிகோட்டையில், ஹைதர் அலி பிறந்த ஊரில், "நம்ம த்வனி" என்று ஒன்றை நடத்தினார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு உரிமம் தராத காலம் அது. ஊர்க்காரர்களே பதிவு செய்து, கேபிள் வழியாக வீடுகளுக்குக் கொடுத்தார்கள். தெலங்கானாவில் பஸ்தாபூர் பக்கத்துத் தலித் பெண்கள் 2008 அக்டோபரில் 90.4இல் ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு முன்பே, வருஷக்கணக்கில் பதிவு செய்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டவர்கள். மலைக்கு நாமும் அப்படித்தான் போக வேண்டும். மெமரி கார்டில் ஏற்றி, ரேஷன் போடும் நாளில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அங்கேயே அவர்கள் பேச்சையும் பதிவு செய்துகொண்டு இறங்க வேண்டும். உரிமம் வரும் வரை காத்திருக்கவே தேவையில்லை.

பொய்கை செவ்வாய் எழுதியது:

மலையடிவாரம் அண்ணா சொன்ன யோசனைக்கு முதல் இடம் எங்கள் பொய்கை மாட்டுச் சந்தை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கூடும். ஆட்டுக்குக் கே.வி.குப்பத்தில் திங்கள்.

சந்தை நிலவரம் சொல்லலாம் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாட்டு விலை மைக்கில் விழாது. தரகரும் வாங்குபவரும் கையின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். வாய் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. பேரம் முடிந்து கயிறு கை மாறிய பிறகு, "எவ்வளவுக்கு முடிந்தது, எத்தனை ஈத்து, எவ்வளவு பால்" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பத்து மாட்டுக்கு அப்படிக் கேட்டு அன்று சாயங்காலமே சொன்னால், வீட்டுக்கே வந்து மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்கும் வியாபாரியிடம் ஒரு விதவைத் தாய் "சந்தையில் இந்த விலை போனது" என்று நிமிர்ந்து சொல்வாள். எனக்கு வானொலி வேண்டும் என்றால் இதற்காகத்தான்.

லாங்கு பஜார் எழுதியது:

பீடி அக்காக்கள் பற்றிப் படித்த பிறகு என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்வி பணம்.

2024இல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். விளம்பரம் மணிக்கு 7 நிமிடம் என்றிருந்தது 12 நிமிடமானது. அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாய் இருந்தது 74 ஆனது. பன்னிரண்டு நிமிடமும் அரசு விளம்பரமே வந்தால் மணிக்கு ஐயாயிரத்துச் சொச்சம். ஆனால் அப்படி எங்கும் நிரம்பி வழியாது. அரசை மட்டும் நம்பினால் இரண்டே மாதத்தில் மின்கட்டணம் கட்ட முடியாமல் நிற்போம். எங்கள் பஜார் கடைகள், மண்டி, உரக்கடை, டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம் என்று சின்னச் சின்னதாகப் பிடிக்க வேண்டும். பெரிய எஃப்.எம்.மில் விளம்பரம் கொடுக்க எங்களால் முடியாது, கொடுத்தாலும் எங்கோ இருப்பவன் கேட்டு எனக்கு என்ன லாபம். குடியாத்தத்துக்குள் மட்டும் கேட்கிற வானொலி என்றால் குடியாத்தம் கடைக்காரன் நிச்சயம் கொடுப்பான். என் பங்குக்குப் பஜாரில் நான் பேசுகிறேன்.

பழைய ஒலிப்பதிவாளன் எழுதியது:

கூத்தை மறந்துவிடாதீர்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும் நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. பம்பை, மிருதங்கம், முகவீணை எல்லாம் பதிவுக்கு அருமையாக விழும். ஆனால் ஓசியில் பதிவு செய்து ஒலிபரப்பக் கூடாது. குழுவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, சிறியதானாலும் ஒரு தொகையைக் கையில் கொடுக்க வேண்டும். தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசை இருக்கும் மண் இது. கூத்தாடுபவருக்குக் காசு கொடுக்காத வானொலி நமக்கு வேண்டாம்.

பாலாற்றங்கரை எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வேலைக்கு வருவோம்.

விண்ணப்பிக்கப் பதிவு பெற்ற அமைப்பு வேண்டும், குறைந்தது மூன்று வருஷம் ஊருக்கு வேலை செய்திருக்க வேண்டும். தனி ஆளுக்குக் கிடையாது, கட்சிகளுக்கும் கிடையாது. நம் பக்கத்து நெசவாளர் சங்கம், மகளிர் கூட்டமைப்பு, நீர்நிலைகளுக்காக வேலை செய்யும் அமைப்பு எதையாவது பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று புதிய விதி சொல்கிறது. பெயருக்கு நாலு பேரைப் போட்டுவிடாமல், பீடி சுற்றும் அக்காக்களில் இருவரும், டீச்சர் ஒருவரும், மலையிலிருந்து ஒருவரும் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

அதுவரை மலையடிவாரம் சொன்ன மாதிரி ஸ்பீக்கரில் தொடங்குவோம். அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று. பொய்கை விலை, பி.எஃப். பெயர் திருத்தம், பாம்புக்கடி, இந்த மூன்றும். குடியாத்தத்தில் ஒரு திண்ணையில் முதலில் போட்டுக் காட்டலாமா?

குடியாத்தம் தறி எழுதியது:

எங்கள் தெருவிலேயே வைத்துக்கொள்ளலாம், திண்ணைக்கு நான் பொறுப்பு. ஒரே ஒரு வேண்டுகோள். கம்பெனிக்குப் பீடி கொண்டுபோய்ப் போடும் நேரத்தில் வைக்காதீர்கள், ஒருவரும் இருக்க மாட்டார்கள். எந்த நேரம் தோது என்று அம்மாவிடம் கேட்டு நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.

பேரணாம்பட்டு ஆசிரியை எழுதியது:

பி.எஃப். பகுதியை உருதுவிலும் நான் பதிவு செய்து தருகிறேன். என் மாமியார் பழைய பீடித் தொழிலாளி, பெயர் திருத்த அலைந்தவர். அவரையே பேச வைக்கிறேன்.